வலியில்லாத ரத்தம்

மகனே,

நலம், நலமறிய ஆவல் என்றுதான் உனக்கு எப்போதும் எழுதத் தொடங்குவேன். இன்று அதை எழுதக் கை கூசுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை கல்யாண அழைப்பிதழைக் காட்டப் பெரம்பூரிலிருந்து வந்தாய். அம்மா வறுத்துப் போட்ட வவ்வால் மீனைத் தின்றுகொண்டே அவளிடம் ஒன்று சொன்னாய். நீ அதை மறந்துகூடப் போயிருப்பாய். நான் வார்த்தை பிசகாமல் எழுதுகிறேன். "கல்யாணத்தன்னிக்கி மாதா கோயில்ல என் பக்கத்துல வந்து நிக்காத. அப்பா சாவக் கெடக்க சொல்ல உங்க அண்ணன் வூட்ல போய் குந்திகினு இருந்தவதானே நீ? உன்னைப் பத்திக் கோயில் பங்கு சனம் இன்னா பேசிச்சின்னு எனக்கும் தெரியும்."  அம்மா உன் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் எதிரே உட்கார்ந்து முள்ளைத் துப்பிக்கொண்டிருந்தேன். நீ பஸ் ஏறிப் போன பிறகு பின்கட்டுக்குப் போய், தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தேன். மீன் நல்ல மீன்தான். என்னை நினைத்துத்தான் எனக்குக் குமட்டியது.

எனக்குக் கிட்னியில் கல் ஆபரேஷன் நடந்ததாக இதுநாள்வரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். திருச்சியில் ஹாஸ்டலில் இருந்த உனக்கு அப்படித்தான் எழுதச் சொன்னேன். அம்மா வந்து என்னைப் பார்த்துக்கொண்டதை அதில் எழுத விடவில்லை. கல் இல்லை. கேன்சர். அதிலும் எல்லோருக்கும் வருகிற இனம் இல்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் நீ தெரிந்துகொள்ள வேண்டியது, உன் அம்மா என்னை விட்டுப் போகவில்லை என்பதுதான். நான் துரத்தினேன். அவளுடைய துணிமணிகளைத் தெருவில் தூக்கிப் போட்டது இந்தக் கைதான்.

தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன். நான் ஹார்பரில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த சமயம். ஒரு நாள் காலையில், நிலக்கரி இறக்குகிற பக்கம் சுவரோரமாக ஒதுங்கியபோது, மூத்திரம் சிவப்பாகப் போனது. பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் போல. வலி ஒரு துளியும் இல்லை. எரிச்சல்கூட இல்லை. இரண்டு நாள் அப்படிப் போய்விட்டு, தானாகவே தெளிந்துவிட்டது. வேறொருவனாக இருந்தால் பயந்து போய் வீட்டில் சொல்லியிருப்பான். நான் சொல்லவில்லை. ஏன் என்பதை உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்யாணம் ஆகப்போகிறவன், கேட்டுக்கொள். அதற்கு ஒரு வருடம் முன்னால், சம்பளம் வாங்கிய ஒரு சாயங்காலம், கூட வேலை செய்த இரண்டு பேரோடு கள்ளச்சாராயம் குடித்துவிட்டு, ஹார்பருக்குப் பின்னால் ஒரு சந்தில், கப்பல்காரர்கள் போகிற ஒரு வீட்டுக்குப் போனேன். ஒரே ஒரு தடவை. அந்த வீட்டின் பாயில் அடித்த எண்ணெய்ச் சிக்கு நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. சிவப்பைப் பார்த்தவுடன் எனக்கு அந்த நாற்றம்தான் ஞாபகம் வந்தது. வந்துவிட்டது, அந்த நோய் வந்துவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

அப்படி நினைத்தவன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவானா? தெரிந்த முகம் இல்லாத இடமாகத் தேடி, டோல்கேட் பக்கம் ஒரு ஊசிக்காரனிடம் போனேன். கம்பவுண்டராக இருந்தவன், தடுப்புக்கு அந்தப்புறம் ஒரு கட்டில், இந்தப்புறம் ஒரு ஸ்டூல், அவ்வளவுதான் அவன் வைத்தியசாலை. என் காக்கிச் சட்டையையும் கையிலிருந்த கிரீஸையும் பார்த்தான். சிரித்தான். "இன்னா மாமு, ஹார்பரா? கப்பல் சரக்கு எறக்க சொல்ல கூடவே இதுவும் எறங்கிச்சா?" மூத்திரத்தை ஒரு பாட்டிலில் பிடித்துக் காட்டு என்றுகூட அவன் சொல்லவில்லை. இடுப்பில் ஊசி போட்டான். ரத்தம் தானாக நிற்பதும் தானாக வருவதுமாக இருந்தது. நிற்கும்போதெல்லாம் ஊசியால் நின்றது என்று நினைத்தேன். வரும்போதெல்லாம் மறுபடி அவனிடம் போனேன். இப்படிப் பதினான்கு மாதம். இதை எழுதும்போதே பேனாவை வீசிவிடலாம் போலிருக்கிறது.

நடுவில் ஒரு நாள் அம்மா என் வேட்டியைத் துவைக்கும்போது கறையைப் பார்த்துவிட்டாள். நேரே என் முன்னால் கொண்டுவந்து விரித்தாள். "இன்னாயா இது ரத்தம்? எத்தினி நாளா இப்டி போவுது? வா, ஆஸ்பத்திரிக்குப் போவலாம்." அவள் கேட்டது அவ்வளவுதான். அவள் முகத்தில் சந்தேகமே இல்லை, பயம் மட்டுந்தான். அப்போதாவது வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இது உங்கிட்டேர்ந்துதான் எனக்கு வந்துச்சி. வூடு வூடாப் போயி ஜாக்கெட்டு தெச்சிக் குடுக்கறேன்னு எங்கெங்க போற, யார் யாரைப் பார்க்கறன்னு எனக்குத் தெரியாதா?" என்று கத்தினேன். முன்கூட்டி யோசித்து வைத்ததில்லை. வாயில் தானாக வந்தது. அப்படித் தானாக வந்ததுதான் எனக்கு இன்றைக்கும் அருவருப்பு. எனக்குள் அது எங்கே இருந்தது? எத்தனை நாளாக அங்கே ஊறிக்கொண்டிருந்தது?

அவள் அழவில்லை. வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தாயறிய, நான் அப்டிப்பட்டவ இல்ல" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். அத்தோடு விட்டேனா? ஊசிக்காரன் முன்பே சொல்லியிருந்தான், பெண்சாதிக்கும் போடாவிட்டால் நோய் திரும்பத் திரும்ப வரும் என்று. அவளை டோல்கேட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். தடுப்புக்கு அந்தப்புறம் அவளைப் படுக்கச் சொல்லிவிட்டு, அவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். நானும் பல்லைக் காட்டினேன். ஆறு தடவை கூட்டிக்கொண்டு போனேன். நாலாவது தடவை நம் தெருப் பெண்ணொருத்தி, பிள்ளைக்கு இருமல் மருந்து வாங்க வந்தவள், அங்கே எங்களைப் பார்த்துவிட்டாள். பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு அந்த ஊசிக்காரனிடம் என்ன நோய்க்குப் போவார்கள் என்று நம் ராயபுரத்தில் எல்லோருக்கும் தெரியும்.

பிறகு நடந்ததுதான் நீ கேள்விப்பட்ட கதை. துணி தைக்கக் கொடுத்தவர்கள் தைக்காத துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் பக்கத்துக் குடம் நகர்ந்தது. கோயிலில் அவள் முழந்தாள் போட்ட இடத்துக்கு இரண்டு பக்கமும் காலியாக இருந்தது. என் பக்கத்தில் நிற்க யாரும் கூசவில்லை, அதையும் கவனித்துக்கொள். ஆம்பிளைக்கு வந்தால் அது பெண்சாதி கொடுத்தது, பாவம் அவன் என்றார்கள். அந்தப் 'பாவம்' என்ற சொல்லை நான் வாங்கி வாயில் போட்டுச் சப்பினேன். அதிலேயே துணிச்சல் வந்து ஒரு நாள், "என் மானம் போச்சி, எறங்குடி" என்று அவள் பெட்டியை வாசலில் எறிந்தேன். எண்ணூரில் ரயில்வே பாயிண்ட்ஸ்மேனாக இருந்த உன் மாமா வந்து கூட்டிக்கொண்டு போனார். என்னை அடிக்கக் கை ஓங்கியவரை அவள்தான் பிடித்துக்கொண்டாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு நீ வந்தாய். வீட்டில் உலை ஏறவில்லை. "அம்மா எங்கே?" என்று கேட்டாய். "அண்ணன் வூடுதான் ஒஸ்தின்னு போய்ட்டா" என்றேன். நீ என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, கடைக்குப் போய் எனக்கு இட்லி வாங்கி வந்தாய். அந்த இட்லியைத் தின்றேன்.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில், செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். சந்து வீட்டுக்குப் போனதைச் சாமியாரிடம் சொன்னேன். ஜெபமாலை சொல்லச் சொன்னார், சொன்னேன். குளித்துவிட்டு வந்தவன் போல நெஞ்சு லேசாயிற்று. அவளுக்குச் செய்ததை நான் அங்கே சொல்லவே இல்லை. அது பாவம் என்றே எனக்கு அப்போது தோன்றவில்லை பார்.

ஈஸ்டர் கழிந்த மூன்றாம் வாரம், கிரேன் கூண்டில் உட்கார்ந்திருந்தபோது இடது விலாவுக்குக் கீழே யாரோ கொக்கி போட்டு இழுத்தது போல ஒரு வலி. கொக்கியில் மூட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தன. எப்படி இறக்கினேன் என்று தெரியாது. ரத்தம் கட்டியாகி மூத்திரக் குழாயில் அடைத்துக்கொண்டதுதான் அந்த வலி என்று பிறகு சொன்னார்கள். கூட இருந்தவர்கள் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அங்கே ஒரு சர்ஜன், நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். அவர் கேட்ட முதல் கேள்வி, "முதல் தடவை ரத்தம் போனப்போ வலிச்சுதா?" என்பதுதான். இல்லை என்றேன். "ஒரு தடவைகூட வலிக்கலையா?" இல்லை என்றேன். "எத்தனை மாசம்?" சொன்னேன். "இத்தனை நாளா என்ன வைத்தியம்?" அதையும் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அழுகின எதையோ மிதித்துவிட்டவர் பார்ப்பது போல. "வலியோட வந்தா பலது இருக்கும். வலியில்லாம ரத்தம் போனா அன்னைக்கே ஓடி வரணும். அதுக்குப் போயி பதினாலு மாசம் ஊசி போட்டுக்கிட்டு இருந்தியா?"

மறுநாள் முனையில் சின்ன விளக்கு பொருத்திய ஒரு உலோகக் குழாயை மூத்திர வழியாக உள்ளே விட்டுப் பார்த்தார். அந்த அவமானத்தை நான் விவரிக்கப் போவதில்லை. கால்களைத் தூக்கிக் கட்டிப் படுக்கப் போட்டு, சுற்றி ஏழெட்டு மாணவர்கள் நிற்க, ஒவ்வொருவராகக் கண்ணை வைத்துப் பார்த்தார்கள். டோல்கேட் கட்டிலில் அவள் எப்படிப் படுத்திருந்தாள் என்று அந்தக் கணம்தான் முதல்முதலாக எனக்கு உறைத்தது. "வலது கிட்னிக் குழாய் பையில திறக்கற துவாரத்துல தெளிவா வருது. இடது பக்கம் பாருங்க, புகை மாதிரி ரத்தம் பீய்ச்சுது" என்று சர்ஜன் மாணவர்களுக்குக் காட்டினார். பிறகு அந்த இடது துவாரம் வழியாக மெல்லிய ஒரு குழலை மேலே ஏற்றி, மருந்து செலுத்தி, எக்ஸ்ரே எடுத்தார்கள். மருந்து போன இடமெல்லாம் படத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. நடுவில் ஒரு இடம் மட்டும் எலி கடித்த மாதிரி குதறிப்போய்க் கறுப்பாக இருந்தது.

சர்ஜன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு எனக்கு விளக்கினார். கிட்னியில் கட்டி வந்தால் சாதாரணமாக அதன் சதையில் வரும். எனக்கு வந்திருப்பது அப்படியல்ல. மூத்திரம் ஊறி வந்து சேர்கிற கிண்ணம் போன்ற ஒரு இடம் உள்ளே இருக்கிறதாம், அதன் உள்தோலில் முளைத்திருக்கிறது. அவருடைய சர்வீஸில் இப்படி இரண்டு மூன்றுதான் பார்த்திருக்கிறாராம். "இதுல கிட்னியை மட்டும் எடுத்துட்டு விட்டா, அதே தோல் குழாய் வழியா கீழ வரைக்கும் போறதால அங்க திரும்ப முளைக்கும். கிட்னி, குழாய் பூரா, அது மூத்திரப் பையில சேர்ற இடத்துல பையிலயும் கொஞ்சம், எல்லாத்தையும் சேர்த்தே எடுக்கணும். விலாவுல ஒரு வெட்டு, அடிவயித்துல ஒரு வெட்டு. பொழைக்கறது என் கையில மட்டும் இல்ல. வீட்டுக்காரம்மா எங்கே? கையெழுத்து போடணும், ரத்தமும் வேணும்."

 என்னைக் கொண்டுவந்து சேர்த்த கூட்டாளிதான் எண்ணூருக்கு ரயில் ஏறிப் போய்ச் சொன்னான். மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் அம்மாவும் மாமாவும் வார்டில் வந்து நின்றார்கள். அவள் மெலிந்து போயிருந்தாள். என் கட்டிலுக்கு இரண்டடி தள்ளி நின்றாள். சர்ஜன் அவளிடம் எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். கடைசியில், நான் சொன்ன ஊசிக் கதை ஞாபகம் வந்தோ என்னவோ, "இன்னொண்ணு தெரிஞ்சுக்கோங்கம்மா. இவருக்குத் தப்பான நோய் ஒண்ணும் கிடையாது. முதல் நாள் வந்த ரத்தமே இந்தக் கட்டியிலேர்ந்து வந்ததுதான்" என்றார்.

அம்மா அவரையே பார்த்தாள். பிறகு, "அப்ப எனக்குப் போட்ட ஊசி?" என்று கேட்டாள்.

"உங்களுக்கா? உங்களுக்கு எதுக்கு ஊசி?" என்றார் சர்ஜன். கேட்டுவிட்டு அவருக்கே புரிந்துவிட்டது. கையிலிருந்த காகிதங்களைப் புரட்ட ஆரம்பித்தார். மாமா என்னைப் பார்த்தார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். மகனே, சாகக் கிடந்தவன் என்று என்னைச் சொன்னாயே, அந்தச் சாகக் கிடந்தவன் செய்தது இதுதான். சுவரில் யாரோ துப்பிய வெற்றிலைக் கறை இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் அவள், "எங்க சார் கையெழுத்து போடணும்?" என்று கேட்டது காதில் விழுந்தது.

ரத்தம் உன் மாமாவுடையதுதான் பொருந்தியது. "இந்த நாய்க்கா?" என்று கேட்டுவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனார். அவர் முகத்தைப் பார்த்து நீ பேசுவதில்லை என்று எனக்குத் தெரியும். உன் அப்பன் உடம்பில் ஓடுவதில் கொஞ்சம் அவருடையது.

ஆபரேஷன் நாலு மணி நேரத்துக்கு மேல் பிடித்ததாம். கண் விழித்தபோது விலாவிலிருந்து ஒரு ரப்பர்க் குழாய், கீழே ஒரு ரப்பர்க் குழாய், கட்டிலுக்கடியில் பாட்டில்கள். என் நாற்றம் எனக்கே தாங்கவில்லை. அந்தப் பாட்டில்களை எடுத்துக் கொட்டிக் கழுவியது உன் அம்மா. இருபத்தாறு நாள். பத்தாவது நாளோ என்னவோ, நான் கேட்டதற்காக, வெட்டி எடுத்ததை ஒரு ஜாடியில் போட்டுக் கொண்டுவந்து காட்டினார்கள். கிட்னியைப் பிளந்து வைத்திருந்தார்கள். அதன் நடுவில், பாறையில் படர்கிற கடற்பாசி மாதிரி, மெல்லிய விரல் விரலாக ஒரு கொத்து, மருந்துத் தண்ணீரில் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மாவோ குனிந்து உற்றுப் பார்த்தாள். "இத்துனூண்டுதானா?" என்றாள்.  எதைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

இருபத்தாறாம் நாள் அம்மாதான் என்னை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். நடக்க முடிந்தவுடன் டோல்கேட்டுக்குப் போனேன், அந்த ஊசிக்காரனைச் செருப்பால் அடிப்பதென்று. ஸ்டூலில் உட்கார வைத்து டீ வரவழைத்தான். பாதியாக இளைத்திருந்த என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை, புது ஆள் என்று நினைத்தான். எல்லாம் சொன்னேன். "கேன்சரா? அடடா, பேஜாருதான். நல்ல வேளை, கண்டுபுட்ச்சிட்டாங்க" என்றான். தடுப்புக்கு அந்தப்புறம் யாரோ ஒரு பெண் முனகிக்கொண்டிருந்தாள். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அடிக்கவில்லை. அவன் வைத்தியம் தெரியாதவன். அதற்கு மேல் அவனைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவன் நான்.

ஆறு வருடம் ஆகிவிட்டது. அரை வருடத்துக்கு ஒரு தடவை அதே விளக்குக் குழாயை விட்டு, பையில் மறுபடி முளைத்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இதுவரை இல்லை. ஒவ்வொரு தடவையும் அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். இந்த ஆறு வருடத்தில் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை எடுத்ததில்லை. நானும் எடுத்ததில்லை. சமாதானம் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டபோதுதான், அவள் ஊமையாகச் சுமந்துகொண்டிருந்தது என்னவென்று தெரிந்தது. உன் குரலும் என் குரல் மாதிரியே இருந்தது. அந்த வார்த்தைகளும் அப்படியே.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாயில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உடம்பில் எது வந்தாலும், எவ்வளவு வெட்கக்கேடாக இருந்தாலும், கட்டிக்கொள்கிறவளிடம் முதலில் சொல். வலியில்லை என்று எதையும் தள்ளிப் போடாதே. நீ தவறு செய்திருந்தால் அதையும் உன் பெயரிலேயே சொல். அவள் உன்னை அடித்தால் வாங்கிக்கொள். அது ஊசியைவிடக் குறைவாகத்தான் வலிக்கும்.

இதுவரை எழுதியதை நேற்று அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நெத்திலி ஆய்ந்துகொண்டே கேட்டாள். சந்து வீட்டைப் பற்றிப் படித்தபோது மட்டும் கை நின்றது. அது அவளுக்குத் தெரியாது. இத்தனை வருடம் கழித்து நேற்றுதான் தெரிந்தது.  கையிலிருந்த நெத்திலியைச் சட்டியில் போட்டுவிட்டு, "அப்ப தெர்ஞ்சேதான் என் மேல போட்ட" என்றாள். ஆமாம் என்றேன். மீன் சட்டியைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "இத்த அவனுக்குத் தபால்ல போட்டு இன்னாயா பிரயோஜனம்? நான் ஊசி போட்டுகினது தெரு பூரா தெரியும். நீ எழுதனது தபால்காரனுக்குக்கூட தெரியாது."

சரியாகத்தான் சொன்னாள். அதனால் ஒரு முடிவு செய்திருக்கிறேன். இது வியாழக்கிழமைக்குள் உன் கையில் கிடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசையில் இன்னாருக்கு இன்னார் என்று உன் கல்யாண ஓலை வாசிக்கிறார்கள். பூசை முடிந்து சனம் வெளியே வந்து நிற்கும்போது, கோயில் வாசலில் நின்று இந்தக் கடிதத்தைப் படிக்கப் போகிறேன். பெண் வீட்டாரும் அங்கே இருப்பார்கள். அவர்கள் முகம் சுளித்தால் உனக்குக் கஷ்டம்தான், எனக்குத் தெரியும். உனக்கும் கஷ்டத்தைத்தான் கொடுக்கிறேன். கல்யாணம் கழியட்டும் என்று தள்ளிப் போடத்தான் முதலில் நினைத்தேன். தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு வாழ்ந்தவன் நான். இதையும் அப்படிச் செய்ய மாட்டேன். நீ வந்தால் அம்மா பக்கத்தில் போய் நில். வராவிட்டாலும் படிப்பேன்.

இதை அவளிடம் சொன்னபோது வேண்டாம் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அப்படிச் சொல்ல வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டேன். அவள் சொல்லவில்லை.

"படிக்கறதுன்னா சத்தமா படி. வாய்க்குள்ள மெல்லாத" என்றாள்.

உன் அப்பா